பேட்ச்: சாய பேட்சா, சாப்ட்வேர் பேட்சா?

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில சிஸ்டம் பாத்துக்கிட்டு இருந்தேன், டையிங்கும் அதே காம்பவுண்டுதான். ஒரு தடவ போர்டுல "ஞாயிறு ராத்திரி பேட்ச் ஓடும், கம்ப்யூட்டர ஆஃப் பண்ணாதீங்க"ன்னு எழுதி வெச்சேன். டையிங் சூப்பர்வைசர் அண்ணன் வந்து "ஏனுங் தம்பி, எந்தக் கலருங்? எங்கிட்ட யாரும் சொல்லுலீங்களே"ங்கறாரு. அவருக்கு பேட்ச்னா ஒரு தடவைக்கு மெஷின்ல போடற சாயத்துணி. இங்கிலீஷ்ல ரெண்டும் வேற எழுத்து, அவரு சொல்றது batch, நான் சொன்னது patch, நம்மகிட்ட இருக்கறது ஒரே 'ப'.

நான் சொன்ன பேட்ச்னா கிழிஞ்ச துணில வெச்சுத் தைக்கற ஒட்டுத்துணி, சாப்ட்வேர்ல இருக்கற தப்பு, ஓட்டைய அடைக்கப் போடற சின்னத் திருத்தத்துக்கும் அதே பேருதான். அந்தக்காலத்துல புரோக்ராம காயித டேப்லயும் அட்டையிலயும் ஓட்டை ஓட்டையாத்தான் போட்டு வெப்பாங்க, தப்பா விழுந்த ஓட்டை மேல நெசமாவே காயிதத்த ஒட்டி அடைப்பாங்க, பெரிய தப்புன்னா அந்த எடத்த வெட்டிட்டு வேற துண்ட ஒட்டுவாங்க, பேரு அப்படியே நின்னுருச்சு. சென்னிமலைப் பக்கம் ஜக்கார்டு தறி பாத்தவங்களுக்கு டக்குனு புரியும், அட்டைல ஒரு ஓட்டை மாறுனா பூவே மாறிப்போயிரும்.

இந்த பேட்ச்சுக்குத் தமிழ்ல என்ன சொல்றது? அப்டேட்டுக்கு இற்றைப்படுத்தல்னு சொல்லு இருக்கு. இற்றைன்னா இன்னிக்கு, புறநானூத்துல பாரி மகளிர் "இற்றைத் திங்கள்"னு பாடுனாங்களே அதேதான். அழகான சொல்லு, ஆனா அதுல புது வசதி, புது டிசைன் எல்லாம் சேந்து வரும். ஓட்டைய அடைக்கற வேலைக்கு அது பொருந்தாது.

பேட்ச் மேனேஜ்மென்ட்னா எந்த மெஷின்ல எந்த வெர்ஷன் ஓடுதுன்னு லிஸ்ட் வெச்சு, மொதல்ல ரெண்டு மூணுல போட்டுப் பாத்து, பில்லிங் ஒடையலைன்னா மத்ததுக்கும் போட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, விட்டுப்போனதத் தேடிப் புடிக்கற வேலை. விண்டோஸுக்கான பேட்ச மைக்ரோசாஃப்ட் 2003ல இருந்து மாசத்துல ரெண்டாவது செவ்வாய்க்கெழம விடுது, நமக்கு அது ராத்திரி ஆயிருமுங்க, அதனால புதன் காலைலதான் பொழப்பு. ஷிப்மென்ட் வாரத்துல ரீஸ்டார்ட்னு சொன்னா அடிக்கவே வருவாங்க. ஆனா ஃபைல எல்லாம் பூட்டி வெச்சுக் காசு கேட்ட வானாக்ரை வைரஸ் நுழைஞ்ச ஓட்டைக்கு பேட்ச் 2017 மார்ச்சுலயே வந்துருச்சு, வைரஸ் பரவுனது மே 12, அப்பறம் பாத்துக்கலாம்னு உட்டவங்கதான் எச்சா மாட்டுனாங்க.

தமிழ்ல ஒட்டுன்னே சொல்லிரலாம், பஞ்சர் கடையில தெனமும் சொல்றதுதானே. டாக்குமென்ட்ல எழுதோணும்னா ஒட்டு மேலாண்மை. டைப் பண்றப்ப ஓட்டுன்னு நீட்டிறாதீங்க, எலக்சனான்னு கேப்பாங்க.

அடுத்த மாசம் போர்டுல "ராத்திரி ஒட்டுப் போடறோம்"னு எழுதுனேன். அதே அண்ணன் நின்னு படிச்சுட்டு "எந்த மெஷின்லீங் ஓட்டை?"ன்னாரு.