முந்தி வந்ததா, பிந்தி வந்ததா?

மேஜையில் மயங்கிக் கிடக்கிறது ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். தொண்டையில் குழாய், நாக்கில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப். மண்ணீரல் கட்டியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒல்லிக் கோபுரங்களாக ஓடிக்கொண்டிருந்த இசிஜியில் திடீரென்று கோணலாக, அகலமாக ஓர் அலை. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

இதயத்தின் மேலறையில் கிளம்பும் மின்துடிப்பு அதற்கென்று உள்ள பாதையில் இறங்கினால் கோபுரம் ஒல்லியாக வரும். கீழறைத் தசை தானாகவே ஒரு துடிப்பைக் கிளப்பினால், அது செல் செல்லாக மெதுவாகப் பரவும். அதனால்தான் இந்த அகலம்.

உடனே கை லிடோகெயினுக்குப் போகும். பல் பிடுங்குமுன் ஈறை மரத்துப்போக வைக்கிறார்களே, அதே மருந்துதான். தசைச் செல்லின் சோடியம் வாசல்களை அடைத்து, அடங்காத கீழறையை அடக்கிவிடும். கிலோவுக்கு 2 மில்லிகிராம், சிரையில் மெதுவாக.

ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த அலை முந்தி வந்ததா, பிந்தி வந்ததா? அடுத்த துடிப்புக்கு நேரம் ஆகும் முன்பே வந்தால் அது அத்துமீறல். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்தால் கதையே வேறு. மேலே இருப்பவன் தூங்கிவிட்டான், வேறு வழியில்லாமல் கீழறை பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் போய் லிடோகெயின் கொடுத்தால் மிச்சமிருக்கும் ஒரே துடிப்பையும் நிறுத்தியதாகிவிடும். திரையில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

பிந்தி வருவதற்குப் பெரும்பாலும் காரணம், இதயத்தை நிதானிக்க வைக்கும் வேகஸ் நரம்பு. ஃபென்டனில் என்ற வலி மருந்து அதைத் தூண்டும். கண் ஆபரேஷனில் கண்ணை இழுத்தாலும் தூண்டும். அப்போது முதல் மருந்து, சர்ஜன் கையை எடுப்பது. அப்புறம்தான் வேகஸைத் தடுத்து இதயத்தை வேகப்படுத்தும் அட்ரோபின். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து போட்டிருந்தால் அட்ரோபினையும் யோசித்துத்தான் தர வேண்டும். டெக்ஸ்மெடிடோமிடின் ரத்தக்குழாய்களை இறுக்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, அதற்கு ஈடுகட்டவே இதயம் நிதானிக்கிறது. அட்ரோபினால் விரட்டினால், இறுகிய குழாய்களை எதிர்த்து இதயம் வேகமாக முட்டிமோத வேண்டியிருக்கும்.

சரி, நம் ஷெப்பர்டின் அலை முந்தித்தான் வந்தது. அப்போதும் ஊசிக்கு அவசரமில்லை. ஆக்சிஜன் குறைந்ததா, கார்பன் டை ஆக்சைடு சேர்ந்ததா, வலிக்கிறதா, ரத்தம் போனதா என்று முதலில் பார்ப்பார்கள். பொட்டாசியம் குறைந்திருந்தால் லிடோகெயினே சரியாக வேலை செய்யாது. தொடையின் உட்புறத்தில் ஒரு விரல் நாடியைத் தொட்டபடியே இருக்கும். திரையில் துடிப்பு தெரிந்தும் விரலில் தட்டாவிட்டால், அந்தத் துடிப்பால் உடம்புக்கு ரத்தம் போகவில்லை என்று பொருள். அப்படித் தட்டாதவை பெருகினாலோ, வேகம் நிமிடத்துக்கு 180-ஐத் தாண்டித் தொடர்ந்தாலோ, ரத்த அழுத்தம் இறங்கினாலோ மருந்து ஏறும்.

மண்ணீரலை எடுத்த நாய்க்கு, விழித்து வாலாட்டிய பிறகும் இந்த அலைகள் வரலாம். அதனால் இசிஜி வயர்களை உடனே கழற்ற மாட்டார்கள். எப்போது வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று கேட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள்.