விதைப்பந்துக்கு முளைக்காத காடு

ஜூன் பிறந்துவிட்டால், வால்பாறையில் மழைக்காட்டு மர நாற்று வளர்க்கும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "சார், பசங்க சேர்ந்து ஐயாயிரம் விதைப்பந்து செஞ்சிருக்காங்க. சனிக்கிழமை வேன்ல வால்பாறை வர்றோம். எந்தக் காட்டுல போடலாம்?" என்ன விதை என்று கேட்பேன். புளி, புங்கன், கொன்றை, வேம்பு என்று பட்டியல் வரும்.

பிள்ளைகளின் ஆசையைக் குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இவையெல்லாம் வெயிலுக்குப் பழகிய சமவெளி மரங்கள். மழைக்காட்டு இருட்டில் அவற்றுக்கு வேலை இல்லை. சரி, மழைக்காட்டு மரத்தின் விதையையே மண்ணில் உருட்டிக் காயவைத்து வீசினால்? அதுவும் நடக்காது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு சாக்கு விதையை வீணடித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நாற்றங்கால் வேலைக்கு வந்த முதல் மழைக்காலம் அது. சாலையோரம் ஒரு வெடிப்பலா மரத்தின் கீழ் விதைகள் கொட்டிக் கிடந்தன. பெயருக்கு ஏற்ற மரம். துரியானுக்கு நெருங்கிய சொந்தம். உடம்பெல்லாம் முள்ளாக உருண்டை உருண்டையாய்க் காய்க்கும், முற்றினால் வெடித்து விதையை உதிர்க்கும். கட்டைவிரல் பருமனில் வழவழவென்று இருந்த விதைகளைப் பார்த்ததும் பேராசை வந்துவிட்டது. ஒரு சாக்கு நிறையப் பொறுக்கி வந்து, நாற்றுப் பை நிரப்ப மண் வரட்டும் என்று கொட்டகைக்குள் உலர்வாக வைத்தேன். மண் வர மூன்று வாரம் ஆனது. அப்புறம் விதைத்தேன். ஒன்றிரண்டு முளைத்தன. மற்றவை சிலது சுருங்கியிருந்தன, சிலது பூஞ்சணம் பூத்திருந்தன. எங்களோடு வேலை பார்த்த காடர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நெல்லா, குதிர்ல வைக்க?" என்று மட்டும் கேட்டார்.

புளியங்கொட்டையும் கொன்றை விதையும் ஓட்டுக்குள் உறங்கிக்கொண்டு மழைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும். கோடை நீளமான ஊரில் அப்படி உறங்கத் தெரிந்தால்தான் பிழைப்பு. தரை எப்போதும் ஈரமாக இருக்கும் பசுமைமாறாக் காட்டு மரங்களில் பலவற்றுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. விதை ஈரத்தோடு விழும், சில நாட்களிலோ வாரங்களிலோ முளைத்துவிடும். காயவைத்தால் செத்துவிடும். அதனால் இந்தக் காட்டுக்கு விதை வங்கி என்று தனியாக ஒன்று இல்லை. நிற்கிற மரங்கள்தான் வங்கி. ஒரு சோலையை, அதாவது மழைக்காட்டுத் துண்டை, அழித்துவிட்டு, விதை எடுத்து வைத்திருக்கிறோம், பிறகு வளர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வங்கி என்ற வார்த்தையைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்ணுக்குள் விதை உறங்காவிட்டாலும் மரத்தடியில் கன்றுகள் காத்திருக்கும். உச்சியில் விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேர்கிறது. அந்த மங்கல் வெளிச்சத்தில் முழங்கால் உயரக் கன்று ஒன்று நான்கைந்து இலையோடு ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். வளரவில்லையே என்று நினைப்போம். பக்கத்தில் ஒரு கிழட்டு மரம் சாய்ந்து வானம் திறந்ததும் விறுவிறுவென்று மேலே போகும். அதே கன்றைப் பிடுங்கி நடு வெயிலில் நட்டுப் பாருங்கள், மார்ச் வருவதற்குள் கருகிவிடும். திறந்த இடத்தில் முதலில் நிற்க வட்டக்கண்ணி மரம் மாதிரி வெயில் தாங்கிகள் வேண்டும். அவை நிழல் கொடுத்த பிறகுதான் வெடிப்பலாவும் நாங்கு மரமும் ஏறி வரும்.

இதனால்தான் 'அடிக்காடு சுத்தம்' என்ற பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சோலையில் பெரிய மரங்களை விட்டுவிட்டு, கீழே இருப்பதை வெட்டி ஏலமோ காப்பியோ வைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் காடு அப்படியே இருப்பதுபோலத் தெரியும். உள்ளே போனால் பேரப்பிள்ளைகளே இல்லாத ஊர். கிழவர்கள் ஒவ்வொருவராகச் சாயும்போது இடத்தைப் பிடிப்பது உண்ணிச்செடி என்ற களையும், தோட்டத்திலிருந்து தப்பிவந்த ரொபஸ்டா காப்பிச் செடியும்தான்.

வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வருபவர்கள் சொல்லும் முதல் வார்த்தை "எவ்வளவு பச்சை!" பச்சைதான். ஆனால் அது தேயிலை. நடுநடுவே நிற்கும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1890-களில் தொடங்கி இந்த மேட்டு நிலத்துக் காட்டை வெட்டித்தான் தோட்டங்கள் வந்தன. மிச்சம் இருப்பவை எஸ்டேட்டுகளுக்கு நடுவே தீவு தீவாகக் கிடக்கும் சில பத்துச் சோலைகள். இங்கே பெய்கிற மழைதான் நீராறு, சோலையாறு வழியாகப் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்துக்குப் போய், பொள்ளாச்சித் தென்னைக்கும் பாய்கிறது.

தீவுகளுக்கு நடுவே விதையைத் தூக்கிப்போக ஆள் வேண்டும். இங்கே பெரும்பாலான மரங்களின் பழத்தை நம்பி விலங்குகளும், விலங்குகளை நம்பி மரங்களும் இருக்கின்றன. கருங்குங்கிலிய மரத்தின் பழத்தை முழுதாக விழுங்க இருவாச்சிப் பறவை போன்ற பெரிய வாய்க்காரர்களால்தான் முடியும். இருவாச்சி கூடு வைக்கவோ பொந்துள்ள பெருமரம் வேண்டும். பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் வாரக்கணக்கில் பழம் சுமக்கும். பழம் குறைந்த மாதங்களில் வெடிப்பலா பூக்கிறது, கிளையிலேயே ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக. சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குக்கும் வௌவாலுக்கும் அப்போது அந்தப் பூதான் சாப்பாடு.

எனக்கு நெருக்கமான கூட்டாளி, மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் பழுப்பு மரநாய். ராத்திரியில்தான் நடமாட்டம் என்பதால் ஆளைப் பார்ப்பது அரிது. காலையில் பாறைமேல் அது விட்டுப்போன எச்சத்தைப் பார்க்கலாம். சதையெல்லாம் செரித்து விதை மட்டும் கழுவியதுபோல இருக்கும். சாலையோரத்தில் கிடப்பதைப் பொறுக்கி அன்றைக்கே பையில் ஊன்றுவேன். காட்டுக்குள் கிடப்பதைத் தொடுவதில்லை, அது சரியான இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே வேனில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பந்து வேண்டாம், கையை மட்டும் கொண்டுவாருங்கள். பை நிரப்பலாம், உண்ணிச்செடி பிடுங்கலாம், அட்டை கடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதுத்தோட்டம் சாலையில் சோலைமந்திக்குச் சிப்ஸ் நீட்டாதீர்கள். அதற்குப் பழகினால் மரத்திலிருந்து இறங்கி வண்டிக்கு அடியில்தான் வரும்.

போன வருடம் வந்த கூட்டத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையில் குச்சியால் மரநாய் எச்சத்தைக் கிளறி விதை எண்ணினாள். அவள் எண்ணியதில் பாதிக்கு மேல் முளைத்துவிட்டது. நிழல்வலைக்கு அடியில் மூன்றாவது வரிசையில் இருக்கின்றன. இன்னும் ஒரு வருடம் அங்கேயே நிற்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.