துவரம்பருப்பு அகலத்தில் ஒரு செயற்கை உறுப்பு

எங்கள் அப்பத்தா காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றுவார். 1980களில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அப்போதைய வழக்கப்படி, புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்கள். பதிலுக்கு மூக்கின்மேல் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி. கண்ணுக்குள் இருக்க வேண்டிய லென்ஸ் சக்தி, கண்ணை விட்டு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் தள்ளி வெளியே உட்கார்ந்தால், பார்க்கிற பொருளெல்லாம் கால்பங்கு பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிவது பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். டம்ளர் தெரிந்த இடத்தில் டம்ளர் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

போன மாதம் அம்மாவுக்கும் ஒரு கண்ணில் அதே ஆபரேஷன். ஆனால் இந்த முறை காலியான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் லென்ஸை வைத்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் காபி டம்ளருக்குள்ளேயே விழுந்தது.

செயற்கை உறுப்பு என்றதும் மோட்டார் வைத்த கை, கணினி சொன்னபடி மடங்கும் கால் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் உலகில் மிக அதிகமான உடல்களுக்குள் போயிருக்கும் பாகங்களில் ஒன்று, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள இந்தப் பிளாஸ்டிக் வில்லை. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. உடம்புக்குள் சும்மா இருப்பதுதான் அதன் வேலை. அந்தச் சும்மா இருக்கிற பொருளைக் கண்டுபிடிக்க ஒரு உலகப் போர் வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் காக்பிட் மூடி குண்டடிபட்டுச் சிதறியபோது, அந்த அக்ரிலிக் துண்டுகள் சிலருடைய கண்ணில் பாய்ந்தன. ஹரால்ட் ரிட்லி என்ற லண்டன் கண் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: துண்டு உள்ளேயே கிடக்கிறது, ஆனால் கண் அதோடு சண்டை போடவில்லை. அப்படியானால் லென்ஸையே அந்தப் பொருளில் செய்தால் என்ன? 1949 நவம்பர் 29 அன்று செய்து பார்த்தார். கண் லென்ஸை ஏற்றது, ஆனால் கணக்கு உதைத்தது. இயற்கை லென்ஸின் வடிவத்தைப் பார்த்துச் செய்த அந்த லென்ஸ், ஒளியை அதைவிட அதிகமாக வளைத்தது. நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை.

அதனால்தான் இப்போது கத்திக்கு முன்னால் அளவெடுப்பு. என்னைக் கேட்டால் சிகிச்சையில் சுவையான பகுதி இதுதான். கண்ணில் சொட்டு மருந்து விட்டு மரக்க வைத்து, பேனா போன்ற ஒரு கருவியைக் கருவிழியில் லேசாகத் தொடுவார்கள். அது அனுப்பும் அல்ட்ராசவுண்ட் விழித்திரையில் மோதித் திரும்பும் நேரத்தை வைத்துக் கண்ணின் நீளம் தெரியும். கருவிழியின் வளைவை இன்னொரு கருவி சொல்லும். 1980 வாக்கில் வந்த எளிய வாய்பாடு ஒன்று உண்டு: கண்ணின் நீளத்தை 2.5 ஆலும் கருவிழியின் சக்தியை 0.9 ஆலும் பெருக்கி, இரண்டையும் 118 போன்ற ஒரு எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். அந்த எண் லென்ஸின் வகையைப் பொறுத்து மாறும். நீளம் 23.5 மில்லிமீட்டர், கருவிழி 44 டயாப்டர் (ஒளியை வளைக்கும் சக்தியின் அலகு) என்றால் விடை 19.65. லென்ஸ் அரை டயாப்டர் இடைவெளியில்தான் கிடைக்கும்; பக்கத்தில் இருக்கும் 19.5 அல்லது 20ஐ எடுப்பார்கள். இன்று இதைவிட நுட்பமான வாய்பாடுகள் இருக்கின்றன, ஆனால் அடிப்படை இதுதான். இதில் கை கொஞ்சம் அழுத்தினாலும் போச்சு. கருவிழி 0.1 மில்லிமீட்டர் அமுங்கினால் கண் அந்த அளவு குட்டையாகத் தெரியும். லென்ஸின் சக்தி கால் டயாப்டர் கூடிப்போகும்.

அப்புறம் ஆபரேஷன். நம் இயற்கை லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி அதன் புரதங்கள் திரண்டு மங்குவதுதான் புரை. பையின் முன்பக்கம் வட்டமாகத் திறந்து புரையை எடுத்துவிட்டு, பின்பக்கத்தை அப்படியே வைத்து, காலியான பைக்குள் புது லென்ஸை வைக்கிறார்கள். அதன் இரண்டு வளைந்த கைகள் ஸ்பிரிங் போலப் பையின் ஓரத்தை உந்திப் பிடித்துக்கொள்ளும். நாளாக ஆகப் பையும் சுருங்கி லென்ஸை இறுக்கிக்கொள்ளும். வெட்டைச் சாய்வான சுரங்கம் போலப் போட்டால் கண்ணின் உள்ளழுத்தமே அதை மூடிவிடும், தையல் தேவையில்லை. சில பேருக்குப் பையில் மிச்சமிருக்கும் செல்கள் வளர்ந்து பின்சுவரை மங்கலாக்கும். "திரும்பப் புரை வந்துருச்சு" என்பார்கள். உண்மையில் மங்கியது பைதான். லேசரால் அதில் ஒரு ஓட்டை போட்டால் சரி.

மதுரை இந்தக் கதைக்குள் வருவது விலை வழியாக. அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே ஆபரேஷன் செய்தார். 1980களில் வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலருக்கும் மேல். காசு கட்டுபவருக்கு லென்ஸ், முகாம் வேனில் வந்திறங்குபவருக்குச் சோடாபுட்டி என்ற நிலை. 1992ல் அரவிந்தின் தொழிற்சாலையான ஆரோலேப் இங்கேயே லென்ஸ் செய்யத் தொடங்கியபோது விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. இன்று சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சானில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையிலிருந்து 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு லென்ஸ் போகிறது.

சொல்லப்போனால் அக்ரிலிக் ஒன்றும் அரிய பொருள் இல்லை, கடைப் பலகைகளில்கூட அதுதான். விலையைக் கூட்டுவது, அதைக் கண்ணுக்குத் தகுந்ததாக ஆக்கும் வேலை. மைக்ரான் கணக்கில் கடைய வேண்டும், ஓரம் உறுத்தாமல் மெருகேற்ற வேண்டும். கிருமி நீக்க ஆஸ்பத்திரி நீராவிப் பெட்டியில் வைக்கவும் முடியாது. அங்கே 121 டிகிரி. இந்தப் பிளாஸ்டிக் 105 டிகிரியிலேயே இளகிவிடும். அதனால் எத்திலீன் ஆக்ஸைடு வாயு.

இந்த லென்ஸால் முடியாததும் உண்டு. இளவயது லென்ஸ் போல இது உருமாறாது, ஒரு தூரத்துக்குத்தான் குவியும். செய்தித்தாள் படிக்க அம்மா கண்ணாடி தேடத்தான் செய்கிறார்.

ஆனால் அவருக்கு இப்போது வேறு கவலை. வயதாக ஆக இயற்கை லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியை விழுங்கிவிடும். மெதுவாக நடப்பதால் நமக்கே தெரியாது. அவரிடம் ஒரு சுங்குடிச் சேலை இருக்கிறது. அது பச்சை என்று அக்காவோடு ஐந்து வருடமாகச் சண்டை. நேற்று அதைக் கொடியில் போட்டுவிட்டு, ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார், அப்புறம் மற்றதைப் பொத்திப் பார்த்தார்.

"ஏய்யா, இந்தக் கண்ணுக்கு நீலமாத் தெரியுது. அந்தக் கண்ணுக்குப் பச்சைதான்."

அந்தக் கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்கிறார்.