கபடி அணிக்கு முதலுதவிப் பெட்டி: எதை வைப்பது, எதை விடுவது

திருவிழா மின்னொளிப் போட்டிக்கு வரும் அணிகளின் பையைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு வலி ஸ்ப்ரே, பாதி தீர்ந்த பிளாஸ்திரிச் சுருள், மூடி இறுகிப்போன ஆயின்ட்மென்ட் டியூப், இவ்வளவுதான் இருக்கும். மருந்துக் கடையில் ஆயத்தப் பெட்டி வாங்கி வைத்திருக்கும் அணிகளும் உண்டு. அது அலுவலகத்துக்கும் காருக்கும் ஆனது. மண் தரையில் உரசி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போன முழங்காலை அதிலுள்ள குட்டி பேண்ட்-எய்டால் மூட முடியாது.

கபடியில் எங்கே அடிபடும் என்பது ஓரளவு முன்பே தெரிந்த விஷயம். முழங்காலிலும் முழங்கையிலும் சிராய்ப்பு வரும். பிடிப்பவருக்கு விரல் போகும், பாடிச் செல்லும் ரைடருக்குக் கணுக்கால் மடங்கும். கால் பிடிபட்ட நிலையில் உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால் ஜவ்வு. வெளியே தள்ளப்பட்டு விழுந்தால் தோள்பட்டை. ஒருவர் முழங்கால் இன்னொருவர் நெற்றியில் இடித்தால் தலை. இதை மனதில் வைத்துத்தான் பெட்டியை நிரப்ப வேண்டும். கீழே சொல்லும் அளவுகள் 12 பேர் கொண்ட அணிக்கு, ஒருநாள் போட்டிக்கு.

சிராய்ப்புக்கு முதல் மருந்து தண்ணீர். அரை லிட்டர் சலைன் பாட்டில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் சீல் பிரிக்காத குடிதண்ணீர் பாட்டில் போதும். மூடியில் இரண்டு மூன்று சிறு ஓட்டை போட்டு அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடித்து மண்ணைக் கிளப்பும். வெறுமனே மேலே ஊற்றினால் மண் நகராது. ஒட்டியிருக்கும் துகளை நனைத்த காஸ் துணியால் மெல்லத் துடைத்தெடுங்கள். மண் உள்ளேயே தங்கினால் சீழ் வைக்கும், ஆறிய பிறகும் பச்சை குத்தியது போல் கறை நிற்கும். ஸ்பிரிட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் புண்ணில் ஊற்ற வேண்டாம். எரிச்சல் வருவதால் மருந்து வேலை செய்கிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் நல்ல திசுவும் சேர்ந்தே கெடுகிறது.

கழுவிய பின் பொவிடோன் அயோடின் ஆயின்ட்மென்டை மெல்லிசாகத் தடவி, பாரஃபின் காஸ் (பாரஃபின் பசை பூசிய, புண்ணில் ஒட்டாத காஸ் துணி) வைத்து, மேலே காஸ் பேட் வைத்துக் கட்டுங்கள். அயோடின் ஒத்துக்கொள்ளாதவர் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பஞ்சை நேரடியாகப் புண்ணில் வைத்தால் நூல் ஒட்டிக்கொண்டு, மறுநாள் பிரிக்கும்போது ஆறத் தொடங்கிய தோலும் சேர்ந்து வரும். 10 செ.மீ. சதுர காஸ் பேட் இருபது, பாரஃபின் காஸ் பத்து, ரோலர் பேண்டேஜ் ஆறு, கையுறை பத்து ஜோடி தேவை. பிளாஸ்திரி வியர்வையில் ஒட்டாது என்பது எல்லோருக்கும் உள்ள குறை. புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலைத் துடைத்து, உலரவிட்டு ஒட்டினால் நிற்கும். இன்னொன்று, உடம்பில் எண்ணெய்ப் பசை பூசி ஆடுவதை விதி அனுமதிக்காது. ஆயின்ட்மென்ட் போட்ட இடத்தை முழுக்க மூடாமல் ஆளைக் களத்துக்கு அனுப்பினால் நடுவர் திருப்பி அனுப்பலாம். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்பதும் விதிதான். பெட்டியில் நகவெட்டி ஒன்று இருந்தால் கீறல்களில் பாதி வராது.

மாடு கட்டிய நிலத்தில் ஆடும் அணிகளில் ஒவ்வொருவரும் கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட ஆண்டைக் குறித்துவையுங்கள். மண் புகுந்த காயமாக இருந்து, ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

கணுக்காலுக்கு 10 செ.மீ. கிரேப் பேண்டேஜ் (இழுபடும் கட்டுத்துணி) நான்கு, முழங்காலுக்கு 15 செ.மீ. இரண்டு. கட்டும்போது பாதம் காலோடு செங்கோணத்தில் இருக்கட்டும். விரல்களின் அடியில் தொடங்கி, எட்டு வடிவில் மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி சுற்றுங்கள். மேலிருந்து கீழாகச் சுற்றினால் வீக்கம் பாதத்தில் தேங்கும். கட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்கவில்லை என்றால் கட்டு இறுக்கம், பிரித்துக் கட்ட வேண்டும்.

அதற்கு முன் ஐஸ். தெர்மாகோல் பெட்டியில் இரண்டு கிலோ ஐஸ்கட்டியும் கெட்டியான பாலிதீன் பைகளும் இருந்தால், விலை கூடிய உடனடி குளிர் பேக்குகள் தேவையில்லை. ஐஸ் பையை ஈரத்துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. உப்புப் போட்ட ஐஸை வாங்க வேண்டாம். அது பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே போய்த் தோலைப் புண்ணாக்கும்.

முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவுவதும் சுளுக்கு வழிப்பதும் கூடாது. உள்ளே கசியும் இரத்தம் கூடி வீக்கம் இரட்டிப்பாகும். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பு முனையைத் தொட்டாலே துடிக்கிறார் என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது. இங்கேதான் ஸ்ப்ரே கெடுக்கிறது. அது தோலை மரத்துப்போகச் செய்யுமே தவிர ஜவ்வை ஒட்டவைக்காது. வலி தெரியாத காலோடு அடுத்த ரெய்டுக்குப் போனால் பாதி கிழிந்தது முழுக்கக் கிழிய வாய்ப்பு உண்டு. எங்களைக் கேட்டால், ஸ்ப்ரே வாங்கும் காசில் இரண்டு கிரேப் பேண்டேஜ் கூடுதலாக வாங்கலாம்.

விரல் விலகினால் சொடக்கு எடுப்பது போல இழுத்துவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. கூடவே எலும்பு முறிந்திருந்தால் துண்டு நகர்ந்துவிடும். விரல் விலகாமல் வெறும் சுளுக்கு என்றால் பக்கத்து விரலோடு சேர்த்து, இடையில் காஸ் வைத்து, மூட்டை விட்டுவிட்டு மேலும் கீழும் ஒட்டுங்கள். தோள்பட்டை இறங்கினாலும் இழுத்துவிடக் கூடாது. இருந்த நிலையிலேயே முக்கோணத் துணியில் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒரு மீட்டர் சதுரக் காடாத் துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம் கிடைக்கும், நான்கு வையுங்கள். முறிந்த கைகாலுக்கு அணை கொடுக்க கெட்டியான அட்டைப்பெட்டியின் பக்கங்களை வெட்டி அடியில் போட்டுவையுங்கள்.

மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. முன்னால் குனியவைத்து மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். பல் விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, டீக்கடையில் காய்ச்சி ஆறிய பால் வாங்கிப் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போங்கள்.

தலையில் இடித்து ஒரு நொடி நினைவு தப்பினாலும், ஸ்கோர் எவ்வளவு என்று கேட்டால் தடுமாறினாலும், அவருக்கு அன்று ஆட்டம் கிடையாது. “தெளிஞ்சிட்டான், விடுங்கப்பா” என்று சொல்பவர் பேச்சைக் கேட்கக் கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, இவற்றில் எது வந்தாலும் உடனே 108. கழுத்து வலிக்கிறது, கைகால் மரத்துப்போகிறது என்றால் யாரும் தூக்காமல், இரு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக் காத்திருங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும். மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும். அணியில் இரண்டு பேராவது இதைக் கற்றிருக்க வேண்டும்.

மாத்திரையில் பாராசிட்டமால் 500 மி.கி. ஒரு அட்டை போதும். டைக்ளோஃபெனாக் போட்டுவிட்டு ஆடுவது, அதுவும் வியர்த்து நீர் வற்றிய உடம்பில், சிறுநீரகத்துக்கு ஆகாது. ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட் ஆறு. ஒரு பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளரில் பாதி பாதியாகக் கரைத்தால் உப்பு அளவு தாறுமாறாகும். ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் அவர் பெயரோடு பெட்டியில் இருக்கட்டும்.

பெட்டியை ஆடாத ஒருவரிடம் ஒப்படையுங்கள். கையுறையும் காஸும் மேல்தட்டில் இருக்க வேண்டும், மூடியின் உட்புறம் பொருள், எண்ணிக்கை, காலாவதி மாதம் எழுதிய தாள் ஒட்டியிருக்க வேண்டும். வண்டி டிக்கியில் வெயிலில் கிடந்தால் பிளாஸ்திரிப் பசை இளகி, ஆயின்ட்மென்ட் நீர்த்துப்போகும். 108-க்குச் சொல்ல மைதானத்தின் முகவரி, பக்கத்துக் கோயில் அல்லது பள்ளியின் பெயர், வரும் சாலை மூன்றையும் அதே தாளில் எழுதுங்கள். ஆட்டம் தொடங்கும் முன், பார்வையாளர்களின் பைக்குகள் நுழைவாயிலை அடைத்திருந்தால் அறிவிப்பாளரிடம் சொல்லி எடுக்கவையுங்கள்.