பத்துப் பேருக்கும் ஒரே முகம்

மாலை ஆறு மணிக்குள் படம் போயாக வேண்டும். வேலை தேடி வேறு நாட்டிலிருந்து வந்தவர்களைப் பற்றிய கார்ட்டூன். கிண்டல் அமைச்சரைத்தான். அவருக்குப் பின்னால் பத்துத் தொழிலாளர்களை மளமளவென்று போட்டேன். பக்கம் வடிவமைக்கும் தம்பி பார்த்துவிட்டு, "அண்ணே, அமைச்சருக்கு மருகூட விடாம வரைஞ்சிருக்கீங்க. இவங்க பத்துப் பேருக்கும் ஏன் ஒரே முகம்?" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. யோசிக்காமல் கை போட்ட முகம் அது.

இதில் பெரிய கைகளே சறுக்கியிருக்கின்றன. குழந்தைகள் கொண்டாடும் அமெரிக்கக் கதைப் புத்தக எழுத்தாளர் டாக்டர் சூஸ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 'பிஎம்' என்ற நியூயார்க் நாளிதழில் அரசியல் கார்ட்டூன் வரைந்தார். கறுப்பர்கள் மீதும் யூதர்கள் மீதும் காட்டப்பட்ட வெறுப்பைக் கண்டித்தவர். 1942 பிப்ரவரி 13 அன்று வந்த அவர் படத்தில், அமெரிக்க மேற்குக் கரை நெடுக ஜப்பானிய வம்சாவளியினர் முடிவில்லாத வரிசையில் வந்து வெடிமருந்து வாங்கிப் போகிறார்கள். அத்தனை பேருக்கும் அச்சடித்த மாதிரி ஒரே கண், ஒரே சிரிப்பு. ஆறு நாள் கழித்து அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட உத்தரவால் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். படத்தால்தான் உத்தரவு வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அண்டை வீட்டுக்காரரை அந்நியராகப் பார்க்கக் கண்ணைப் பழக்கியதில் அதற்கும் பங்குண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்டும் அப்படித்தான். 1871இல் சீனர்களுக்கு ஆதரவாக அருமையாக வரைந்தார். அதே ஆண்டு ஐரிஷ்காரரைக் குரங்கு முகத்தோடும் வரைந்தார்.

மிகைப்படுத்தாமல் கார்ட்டூன் இல்லை, சரி. ஆனால் ஒருவருடைய சொந்த மூக்கைப் பெரிதாக்குவது வேறு, ஓர் இனத்துக்கே ஒரு மூக்கை ஒட்டுவது வேறு. வாட்ஸ்அப்பில் வரும் கார்ட்டூனைப் பகிரும் முன், அதிலுள்ள பெயர்களை விரலால் மறைத்துப் பாருங்கள். இன்னார் என்று ஆள் தெரிகிறாரா, இல்லை இன்ன சமூகம் என்பது மட்டும் தெரிகிறதா? அப்புறம், 'நாட்டு மக்கள்' என்று வரைந்த கூட்டத்தில் யார் உடை இருக்கிறது, யார் உடை இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அன்று படம் அரை மணி நேரம் தாமதமாகத்தான் போனது. ஆசிரியரிடம் திட்டும் கிடைத்தது. ஒருவருக்குக் கண்ணாடி, ஒருவருக்கு முன்வழுக்கை என்று பத்துப் பேரையும் திரும்ப வரைந்தேன். பத்தாவது ஆள், அமைச்சர் பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.