வலதுகோடியும் தீவிரவாதமும்

‘சமூக ஊடகங்களில் செய்தி படிப்பதால் வலதுசாரித் தீவிரவாதக் கட்சிகளுக்கு ஆதரவு பெருகுகிறது’ என்னும் வாக்கியத்தை, சற்றே மாறிய வடிவங்களில், இந்த மாதம் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். கருத்தாய்வுச் செய்திகளை மொழிபெயர்க்கும்போது ஆங்கிலத்தின் ‘far right’ இப்படி ‘வலதுசாரித் தீவிரவாதம்’ ஆகிவிடுகிறது.

‘வலது’ வந்த கதை சிறியது. 1789இல் பிரெஞ்சு தேசிய மன்றத்தில் மன்னரின் அதிகாரத்தைக் காக்க நினைத்தவர்கள் தலைவருக்கு வலப்புறம் அமர்ந்தனர். ‘சாரி’ நம் பழைய போர் வருணனைகளில் தேரும் குதிரையும் வலமும் இடமுமாகச் சுழன்றோடுவது.

சிக்கல் ‘தீவிரவாத’த்தில் இருக்கிறது. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் தாக்குதலால் தூண்டப்பட்டு, இங்கே சிங்கப்பூரில் இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்ட 16 வயது மாணவர் 2020 டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டாரே, அது வலதுசாரித் தீவிரவாதம். அங்கே அச்சொல் பொருந்தும். 2025 பிப்ரவரியில் ‘ஜெர்மனிக்கான மாற்று’ கட்சிக்கு வாக்களித்த 20.8 விழுக்காட்டினரையும் அதே சொல்லுக்குள் அடைக்கலாமா? அக்கட்சியைத் தீவிரவாத அமைப்பாக வகைப்படுத்துவது ஜெர்மனியில் நீதிமன்றம்வரை சென்ற வழக்கு; நம் மொழிபெயர்ப்பாளரோ மேசையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார். மக்களாட்சியையே மறுப்போரும், தேர்தலை ஏற்றுக்கொண்டு சிறுபான்மையினர் உரிமை போன்றவற்றை மட்டும் எதிர்ப்போரும் வேறு வேறு என்று அரசியல் அறிஞர்கள் பிரிக்கின்றனர். இருவரையும் சேர்த்துச் சுட்டும் பொதுச்சொல், அவர்கள் நிற்கும் இடத்தைச் சொன்னால் போதும்.

‘தீவிர வலதுசாரி’ பரவலான வழக்குதான். ஆயினும் ‘தீவிர வலதுசாரி ஆதரவாளர்’ என்றால் தீவிரம் கட்சிக்கா, ஆதரவாளருக்கா? ‘தீவிர ரசிகர்’ என்று பழகிய காது இரண்டாவதையே பிடித்துக்கொள்ளும். ஆதரவை அளக்கும் ஆய்வில் இந்தக் குழப்பம் சிறியதன்று: மிதவாத வலதுசாரிக் கட்சிக்காக வீடு வீடாக ஏறி இறங்குபவர் ஒருவர், கோடியில் நிற்கும் கட்சிக்கு அரை மனத்தோடு வாக்களிப்பவர் இன்னொருவர்.

எனவே ‘வலதுகோடிக் கட்சி’ என்பேன். ‘கடைவலது’ என்றும் ஒரு நண்பர் சொன்னார். சிராங்கூன் சாலையில் அதைச் சொன்னால் வழி கேட்டதாக நினைப்பார்கள். கோடி வடசொல் என்று முகம் சுளிப்போர், தெருக்கோடியில் குடியிருப்பவரிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு பெரிது.

‘படிப்பதால்’ என்பதிலுள்ள ‘ஆல்’ உருபும் உறுத்துகிறது. நாளிதழ்மீது நம்பிக்கை இழந்து, ஏற்கெனவே அப்பக்கம் சாய்ந்தவர்களே கைப்பேசியில் செய்தி தேடிப் போகவும் கூடும். ஒருமுறை எடுத்த கருத்தாய்வு அதைப் பிரித்துக் காட்டாது. நான் எழுதியிருந்தால், ‘சமூக ஊடகங்களில் செய்தி படிப்பதற்கும் வலதுகோடிக் கட்சிகளை ஆதரிப்பதற்கும் தொடர்பு காணப்படுகிறது’ என்று நிறுத்தியிருப்பேன்.