தீர்மானமும் இல்லை, தெளிவும் இல்லை

‘தீர்மானத்தைக் குறையுங்கள், எஃப்.பி.எஸ். கூடும்.’ சுடும் கேம்களுக்கு செற்றிங்ஸ் சொல்லித்தரும் தமிழ்க் காணொளிகளில் இந்த வாசகத்தைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கேம் மெனுவில் ‘ரெசலூசன்’ என்று இருப்பதை, அதாவது படத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கைத்தான், ‘தீர்மானம்’ ஆக்கியிருக்கிறார்கள். எஃப்.பி.எஸ். என்பது ஒரு செக்கனுக்கு எத்தனை படம் என்ற கணக்கு. இயந்திரக் குரல் ஓதியவரை பொறுத்துக்கொண்டேன். இப்போது கல்முனையில் கேம் சென்ரரில் இருக்கும் பொடியனும், ‘அண்ணன், தீர்மானத்த 1280க்கு இறக்கிப் பாருங்க’ என்கிறான். தீர்மானம் என்பது பிரதேச சபையில் கையை உயர்த்தி நிறைவேற்றுவது. அதை எப்படி 1280க்கு இறக்குவது?

ரெசலூசன் என்ற சொல்லுக்கு வேர் லத்தீன். ‘அவிழ்த்தல், பிரித்தல்’ என்பது பழைய பொருள். ஒரு சிக்கலைப் பிரித்து ஆராய்ந்து முடிவுக்கு வருவது ஒரு கிளை. அதுதான் சபைத் தீர்மானம். நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகளை வேறுவேறாகப் பிரித்துக் காட்டுவது மற்றக் கிளை. கேம் மெனுவில் இருப்பது இரண்டாவது. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த வினை இது.

‘தீர்மானம்’ அறியாமை; திருத்தினால் போய்விடும். எனக்குப் பெரிய சண்டை, ரெசலூசனுக்கு இன்னொரு தமிழாக வரும் ‘தெளிவுத்திறன்’ என்ற சொல்லோடுதான். படித்தவர்கள் உண்டாக்கிய சொல், மென்பொருள்களிலும் ஏறிவிட்டது, கேட்கவும் அழகு. ஆனால் பொருளைப் பாருங்கள். 1920×1080 என்பது திரையில் எத்தனை புள்ளி என்ற கணக்கு. அதே கணக்கு 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளியாக நெருங்கி நிற்கும். 32 அங்குலத்தில் 69 ஆக விலகிவிடும். ரெசலூசன் மாறவில்லை, தெளிவு மாறிவிட்டது. அப்போ இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கும்?

போட்டிக்கு ஆடுபவர்களிடம் இந்தச் சொல் இன்னும் மோசமாகத் தடுக்கி விழும். கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் கேமை ஆடுபவர்களில் பலர் வேண்டுமென்றே 1280×960 வைத்து, படத்தைத் திரை முழுக்க இழுத்துவிடுவார்கள். புள்ளிகள் 20,73,600 இலிருந்து 12,28,800 ஆகக் குறையும். கிராபிக்ஸ் கார்டுக்குச் சுமை இறங்கும். பக்கவாட்டில் கொஞ்சம் காட்சி வெட்டுப்படும், ஆனால் எதிரியின் உருவம் அகன்று தெரியும். அவர்களுக்கு எதிரி நன்றாகத் தெரியத்தான் இதைக் குறைக்கிறார்கள். ‘எதிரி தெளிவாகத் தெரிய தெளிவுத்திறனைக் குறை’ என்று எழுதிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும்.

தெளிவுக்கு வேறு உரிமைக்காரரும் உண்டு. 60 ஹேர்ட்ஸ் திரையில், அதாவது செக்கனுக்கு 60 முறை படம் மாற்றும் திரையில், ஒரு படம் 16.7 மில்லி செக்கன் நிற்கும். 144 இல் 7 கூட இல்லை. சட்டென்று திரும்பும்போது காட்சி கலங்காமல் இருப்பது அதனால். அசையும்போது காட்சியை வேண்டுமென்றே மங்கலாக்கும் மோஷன் பிளரை நிறுத்துவதும் தெளிவுக்குத்தான். எல்லாமே தெளிவு என்றால் மெனுவில் எதைத் தொடுவது?

பிரித்தல் என்ற வேரை விடாத சொல் நம்மிடமே இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு நுணுக்குக்காட்டியின் பிரிவலு, அதாவது நெருங்கிய புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் வலு, தெரியும். ‘பிரிதிறன்’ என்றும் எழுதுகிறார்கள், அதுவும் சரி. மட்டக்களப்பு வாவியில் வலை வீசுபவரிடம் கேட்டால், அதே அகல வலையில் கண் சிறுத்தால் சின்ன மீனும் தப்பாது என்பார். பிரிதிறனும் அப்படித்தான், திரை அதே திரை, புள்ளிதான் நெருங்குகிறது. திறனா வலுவா என்றால் நான் பிரிதிறன் பக்கம். வலு என்றவுடன் நம் பிள்ளைகளுக்கு வாற்றுக் கணக்குத்தான் ஞாபகம் வரும்.

மொழிபெயர்ப்பவர்கள் கேமை ஒருமுறையாவது திறந்து பார்த்தால் பாதி வம்பு தீரும். அன்டி-எலியாசிங்கை ‘மாற்றுப்பெயர் எதிர்ப்பு’ என்று ஓர் இடத்தில் கண்டேன். சாய்ந்த கோடு படிக்கட்டாகத் தெரிவதை மழுப்பும் வசதி அது; பெயருக்கும் அதற்கும் என்ன உறவு? ‘விளிம்பு மழுப்பல்’ என்றால் பொடியனுக்கே விளங்கும். அதுவும் வராவிட்டால் அன்டி-எலியாசிங் என்றே தமிழில் எழுதிவிட்டுப் போங்கள், நான் கோபிக்க மாட்டேன்.